மொண்ணை மூக்குக் கத்தி

இடது மணிக்கட்டில் கற்றாழை நார்க் கயிற்றை நாலு சுற்று சுற்றி, முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டார் எங்கள் வீட்டுக்காரர். கயிறு சதையில் பதிந்து விரல்கள் சிவந்தன. பிறகு வலது கையை நீட்டி, முதல் கத்தியைக் கொடுக்கச் சொன்னார்.

பொள்ளாச்சிச் சந்தையில், சாக்கு விரித்துக் கத்தி பரப்பியிருந்தவர் முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். நான் நாலடி தள்ளி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, இவர் யாரோ நான் யாரோ என்று வெங்காயக் குவியலைப் பார்த்தபடி நின்றேன். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை.

போன வாரம், கொச்சிச் சீமைச் சித்தூரிலிருந்து மீனாட்சிபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, மாமியார் வீட்டு மாடு கன்றுகளைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டு வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் இந்தக் கத்தியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவர் பெயர் சின்னச்சாமி. வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று அலகுகள்

அந்தக் கத்திக்காரர் முன்னால் அவர் உட்கார்ந்தது அது மூன்றாவது சந்தை. முதல் வாரம் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம், பானை வாங்க வேண்டும் என்று என்னையும் வண்டியில் கூட்டிப்போனார். கயிற்றுத் துண்டுகளை மடியில் வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

அங்கே இருந்த மடக்குக் கத்திகள் மூன்று வகை. முதல் வகை வேப்பிலைபோல நடுவில் அகன்று, நுனியில் ஊசியாக முடியும். மான்கொம்புப் பிடி போட்டு, பார்க்கும்போதே எடுத்து மடியில் செருகிக்கொள்ளத் தோன்றும் கத்தி. ஊரில் இளவட்டங்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். இரண்டாவது கிளிமூக்குபோல உள்பக்கமாக வளைந்தது. மூன்றாவதைச் சாக்கின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார் கத்திக்காரர். அதன் வெட்டும் வாய் பிடியிலிருந்து நுனிவரை ஒரே நேர்கோடு. முதுகுதான் கடைசியில் சட்டென்று சரிந்து வந்து வாயைத் தொடும். நுனியில் கூர் என்பதே இல்லை. ஆட்டுக் குளம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படியோ அப்படி இருந்தது.

முதலில் வேப்பிலைக் கத்தி. மணிக்கட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே நுனியை நுழைத்து வெளிப்பக்கமாக இழுத்தார். கயிறு அறுந்தது. கூடவே கையில் ஒரு பொட்டு ரத்தம். அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் கயிறு சுற்றினார்.

அடுத்தது கிளிமூக்கு. கயிறு அதன் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டதுபோல ஒரே இழுப்பில் அறுந்தது. "நல்லா அறுக்குதுங்க" என்று மனதாரச் சொன்னார். ஆனால் உள்ளே நுழைக்கும்போது மூக்கு தோலைக் கீறியிருந்தது. அந்தக் கீறலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதைத் திறந்தபோது கத்திக்காரருக்குப் பொறுக்கவில்லை. அது தோல் தைக்கிறவர்கள் கேட்டு வாங்கும் கத்தி, காட்டிலும் தோட்டத்திலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இவர் மறுபடியும் கயிறு சுற்றிக்கொண்டார். அலகைப் படுக்கையாகக் கைமேல் வைத்துத் தள்ளினார். அது நாக்குபோல வழுக்கிக் கயிற்றுக்கடியில் போனது. அங்கே மெல்லத் திருப்பி, வாயைக் கயிற்றுக்குக் காட்டி இழுத்தார். கயிறு விழுந்தது. தோலில் ஒன்றுமே இல்லை.

அதோடு விட்டாரா? இன்னொரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்தார். கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, வில் விழும் சத்தத்தைக் காதருகில் வைத்துக் கேட்டார். ஆணியில் ஆட்டம் இருக்கிறதா என்று அலகைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். நகம் கொடுத்துத் திறக்கும் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று தடவினார். வண்டி கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பானை வாங்கவில்லை. இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

சாவடியில் ஒரு சிரிப்பு

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குள் நுழைவது என்றால் ஒரு சீமையிலிருந்து இன்னொரு சீமைக்குள் நுழைவது. பொள்ளாச்சி கோயமுத்தூர் ஜில்லா, மீனாட்சிபுரம் கொச்சி ராஜ்யம். நடுவில் ஒரு சாவடி. வண்டியில் என்ன இருக்கிறது என்று சிப்பாய் பார்ப்பார். அன்றைக்கு இருந்தவர் கத்தியை வாங்கித் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதினு மூக்கில்லல்லோ" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார். எனக்கு வந்த கோபம் வீடு வரும்வரை தீரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூணாற்றில் இருந்த என் அண்ணன் கந்தசாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். புகுந்த வீட்டில் அதை அதிகம் காட்டிக்கொள்ளாமல் இருந்தேன். "உன் மாப்பிள்ளை மூன்று வாரம் பார்த்து மூக்கறுந்த கத்தி ஒன்று வாங்கியிருக்கிறார்" என்று எழுதினது இன்னும் நினைவிருக்கிறது.

அண்ணன் தேயிலை எஸ்டேட்டில் நாற்றங்கால் வேலை பார்த்தான். அவனும் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தான், கிளிமூக்கு வகை. தீபாவளிக்கு வந்தபோது அதை எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்து, மலையில் எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், இளங்கிளையை இழுத்துப் பிடித்து அறுக்கும், பட்டை உரியாது என்று பெருமையடித்தான். இவர் அதைப் பெரிய மரியாதையோடு வாங்கி, கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையை அறுத்துப் பார்த்து, வெட்டு வாயை விரலால் தடவி, செடிக்கு இதைவிட நல்ல கத்தி இருக்க முடியாது என்றார். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்படியானால் நீங்கள் ஏன் இதை வாங்கவில்லை என்று கேட்டதற்கு மட்டும், "என்ற வேலை மாட்டோடங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் அப்பாவிடமும் ஒரு கத்தி இருந்தது. பென்சில் சீவும் பேனாக்கத்தி, சுண்டுவிரல் நீளம்தான். நுனி மட்டும் முள்போல இருக்கும். பிள்ளைகள் காலில் முள் தைத்தால் அதைக்கொண்டுதான் எடுப்பார். சின்னச்சாமியின் கத்தியால் அந்த வேலைகூட நடக்காது. ஒருநாள் எனக்குக் கருவேல முள் தைத்தபோது, இதால் ஆகாது என்று அவரே ஒப்புக்கொண்டு ஊக்குத் தேடப் போனார். முள் எடுக்கவும் உதவாத கத்தி என்று நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

ஊரில் அதற்கு மொண்ணைக் கத்தி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மொண்ணை மூக்கில் மட்டும்தான். அதன் வாய் எப்படியிருக்கும் என்பது தினமும் விடிந்ததும் அவர் சாணைக்கல்லில் அதைத் தீட்டுவதைப் பார்த்த எனக்குத்தான் தெரியும். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல மெதுவாகத் தீட்டுவார்.

கிணற்று மேட்டில்

அடுத்த சித்திரையில் அது நடந்தது.

கவலை இறைப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து கீழே சரியும் ஒரு பாதை. இரண்டு காளைகள் அதில் இறங்கும்போது, நுகத்தில் கட்டிய வடக்கயிறு கிணற்றிலிருந்து சால் என்னும் பெரிய வாளியைத் தண்ணீரோடு மேலே இழுக்கும். தண்ணீர் கொட்டியதும் காளைகள் பின்னாலேயே நடந்து மேடேறி, கிணற்று வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சால் மறுபடி தண்ணீருக்குள் போகும். நாள் முழுக்க இப்படித்தான்.

எங்களிடம் செவலை, மயிலை என்று ஒரு ஜோடி. காலை வெயில் ஏறுவதற்குள் இறைத்து முடிக்க வேண்டும் என்று அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தரிப் பாத்திகளுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வருவது நின்றது. தலை நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் புழுதி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பின்னால் நடந்து வந்தபோது கிணற்று வாயின் ஓரக்கல் பெயர்ந்து, செவலையின் பின்னங்கால் இரண்டும் கிணற்றுக்குள் தொங்கின. அதன் கனம் முழுக்க நுகத்தில். நுகத்தின் அடுத்த பக்கத்தில் மயிலை மண்டியிட்டுக் கிடந்தது. கழுத்தை நுகத்தோடு சேர்த்துக் கட்டும் பூட்டாங்கயிறு அதன் தொண்டையில் புதைந்து கிடந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது. அவர் ஒரு காலைக் கல்தூணில் முட்டுக்கொடுத்து, நுகத்தை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை தோளிலிருந்து தனியாகத் தொங்கியது. செவலை சரிந்தபோது எட்டிப் பிடித்ததில் மூட்டு நழுவியிருந்தது. அவர் விட்டால் இரண்டும் உள்ளே போகும்.

"அம்மிணி, மடில கத்தி இருக்குது. எடு" என்றார். அவர் குரல் உயரவில்லை.

எடுத்தேன். ஈரக் கையில் அலகு திறக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நகம் கொடுத்து இழுத்தேன். திறந்தது.

"மொதல்ல மயிலை. அலகப் படுக்க வெச்சு உள்ள தள்ளு. கத்தி முதுகு கழுத்துப் பக்கம். பயப்படாத, அது குத்தாது."

மயிலை தலையை உலுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் கத்தி அதன் தொண்டையில் இடித்தது. ஊசிமுனையாக இருந்திருந்தால் முதல் உலுக்கலிலேயே உள்ளே இறங்கியிருக்கும். மயிருக்கும் கயிற்றுக்கும் நடுவே நூல் இடைவெளிகூட இல்லை. அந்த மொண்ணை மூக்கை அழுத்தித் தள்ளினேன், அது சதையை நெம்பிக்கொண்டு உள்ளே போனது. திருப்பி இழுத்தேன். ஒரே இழுப்பு. கயிறு வெடித்ததுபோல அறுந்தது.

மயிலை உருண்டு எழுந்து ஓடியது. நுகம் அவர் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போனது. செவலை நுகத்தோடு கிணற்றுக்குள் விழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை.

எட்டிப் பார்த்தோம். தண்ணீர் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். செவலை மிதந்தது. ஆனால் தண்ணீர் நிறைந்த சாலும் வடமும் நுகத்தைக் கீழே இழுக்க, நுகம் அதன் தலையை இழுத்தது. மூக்கு மேலே வரும், போகும். அவர் ஒற்றைக் கையோடு படியில் இறங்கப் போனார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியுமுங்க. நீங்க நில்லுங்க."

சித்தூர் ஆற்றங்கரையில் வளர்ந்தவள் நான். அதையும் அந்த வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். அந்தக் காலத்து ஆம்பிளைகளில் எத்தனை பேர் அப்படி ஒதுங்கியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, திறந்த கத்தியோடு படியிறங்கினேன். முன்னங்கால் உதைக்கு எட்டாமல் பின்பக்கமாக நீந்திப் போய்க் கொம்பைப் பிடித்தேன். மேலேயிருந்து அவர், "முங்கிக் கையால தடவிப் பாரு, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரமில்லையாம். மூச்சைப் பிடித்து முங்கினேன். தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கயிற்றைத் தடவிப் பிடித்து, பக்கத்தில் துடிக்கும் தொண்டையைத் தடவி, நடுவே அலகைத் தள்ளினேன். நனைந்த கயிறு லேசில் அறுபடவில்லை. மூன்று இழுப்பு. மூன்றாவதில் நுகம் என் முழங்காலில் இடித்துவிட்டுக் கீழே போனது.

செவலையின் தலை மேலே வந்தது. அது விட்ட மூச்சு என் முகத்தில் சூடாக அடித்தது.

மத்தியானம்

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வயிற்றுக்கடியில் சாக்குகளைக் கொடுத்துக் கயிறு கட்டி, பதினைந்து இருபது பேர் சேர்ந்து செவலையை மேலே இழுக்க உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. ஒரு கொம்பு பாதியில் முறிந்திருந்தது. கால்கள் நன்றாக இருந்தன.

கட்டு வைத்தியர் வந்து தோளைச் சரிசெய்யக் காத்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் அவரை நிற்க வைத்துவிட்டு, இரண்டு காளைகளின் தொண்டையையும் இடது கையால் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கயிறு பதிந்த தடம் தவிர ஒரு கீறல் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து தடவினார்.

தோளைக் கட்டி முடித்து, சாப்பிட உட்கார்ந்தார். வலது கையை அசைக்க முடியாது. சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். மாமியார் அடுப்படியில் இருந்தார். அதிகம் பேசாதவர். அவர் எதிரில் புருஷனுக்கு ஊட்டுவது அன்றைக்கெல்லாம் நடக்காத காரியம்.

எதற்காக அப்படித் தடவித் தடவிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது வீட்டில் ஒரு கன்று கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றில் கழுத்து இறுகிக் கிடந்ததாம். தூரத்தில் நின்ற அவருடைய அப்பா தன் கத்தியை இவர் கையில் கொடுத்து, ஓடிப்போய் அறுத்துவிடு என்றாராம். வேப்பிலை வடிவக் கத்தி. கயிற்றுக்கடியில் நுனியைக் கொடுத்தபோது கன்று துள்ளியது. கயிறு அறுந்தது, தொண்டையும்.

"என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்துச்சு" என்றார். "அப்பா வந்து எங்கையில இருந்து கத்திய வாங்கீட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்த சொல்லல. அப்பறம் சாகற வரைக்கும் அதப்பத்தி எங்கிட்டப் பேசவே இல்ல. நாங் கொன்னுபோட்டேன்னுதான் நெனச்சுட்டே இருந்திருப்பாரு."

அதற்குப் பிறகு பத்து வருஷம் அவர் கத்தியே வைத்துக்கொள்ளவில்லை. மாடு வைத்திருக்கிறவன் கத்தி இல்லாமல் இருக்க முடியாது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தோன்றியதாம். அந்தச் சந்தையில் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை நினைத்து எனக்குத் தலை நிமிரவில்லை.

மாமியார் தயிர்ச் சட்டியோடு வந்தார். அடுப்படிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தயிரை ஊற்றிவிட்டுப் போகவில்லை. மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உங்கப்பன், பதறிட்டிருக்கற கன்னுகிட்ட அந்தக் கத்தியக் குடுத்தனுப்புனது நாந்தேன், பையன் மேல ஒரு தப்பும் இல்லைன்னு எங்கிட்ட எத்தன தடவ அழுதிருக்காரு தெரியுமா. அந்தக் கத்தியக்கூட அன்னிக்கே குப்பக்குழியில பொதச்சுட்டாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கிட்டச் சொல்லியிருப்பாருன்னு இருந்துட்டனே சாமி" என்றார்.

அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயிலிருந்த சோற்றை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. நான் அடுத்த கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே செவலை ஒருமுறை செருமியது.

வெகுநேரம் கழித்து வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அவர் வாயைத் திறந்தார். ஊட்டினேன்.